மைனா விழுங்கிய காந்தம்

மாசி 2, வெள்ளி

காலையில் நல்ல பனி. புது ஆற்றில் தண்ணீர் நிறுத்தியாகிவிட்டது. பாலத்துக்குக் கீழே குட்டை குட்டையாகத் தேங்கிக் கிடக்கிறது, கொக்குகளுக்கு விருந்து. பத்தாம் வகுப்புத் திருப்புதல் தேர்வுத்தாள் இன்னும் ஒரு கட்டு பாக்கி. திருத்தப் பிடிக்கவில்லை.

எங்கள் பசு மைனா இன்றும் தின்னவில்லை. தவிட்டுத் தண்ணீரை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முதுகை வளைத்துக்கொண்டு நிற்கிறாள். ஓரடி எடுத்துவைத்தால் முனகல். ஏழு மாதச் சினை வேறு.

ஒரத்தநாட்டிலிருந்து மாட்டு டாக்டர் வந்தார். என்னைவிடப் பத்து வயதாவது சின்னப் பெண், அதற்குள் என்ன நிதானம்! முதுகுத் தண்டைக் கிள்ளினார். நல்ல மாடாக இருந்தால் முதுகைத் தாழ்த்துமாம். மைனா தாழ்த்தவில்லை, முனகினாள்.

"பக்கத்துல கட்டட வேலை ஏதாவது நடந்துச்சா டீச்சர்?"

நடக்காமல் என்ன? எங்கள் வீட்டு மாடிதான். சார்ஜாவிலிருந்து என் வீட்டுக்காரர் அனுப்பிய பணத்தில் ஆவணியில் தளம் போட்டோம். கொல்லையில் மேடான இடமாகப் பார்த்துக் கம்பி வெட்டிக் கட்டினார்கள். தை அறுவடை முடிந்ததும் வைக்கோல் போர் வைத்ததும் அதே மேட்டில்தான், மழைக்கு நனையாது என்று. கட்டுக்கம்பித் துண்டுகள் வைக்கோலுக்குள். வைக்கோல் மைனாவுக்குள்.

"மாடு நம்மள மாதிரி மென்னு பாக்காது டீச்சர். அப்படியே முழுங்கிடும். கம்பி போயி முன் வயித்துல உக்காந்துக்கும். உள்ள தேனடை மாதிரி அறை அறையா இருக்கும் அது. அதுக்கும் நெஞ்சுக்கும் நடுவுல ஒரு சவ்வுதான்."

வயிறு சுருங்கும்போதெல்லாம் கம்பி கொஞ்சம் கொஞ்சமாக முன்னே போகுமாம். ஊசி போட்டார். முன்காலுக்குக் கீழே மேடு கட்டி, மாட்டை ஏற்றமாக நிறுத்தச் சொன்னார். கம்பி பின்னுக்குச் சரியட்டும் என்று. ஆபரேஷன்? "சினை மாடு. ரொம்ப யோசிக்கணும்." பிறகு சாதாரணமாக ஒன்று சொன்னார்: "காந்தத்தை முழுங்க வச்சும் பாப்பாங்க."

காந்தத்தையா?

ஆமாம். உள்ளே போய் உட்கார்ந்து கம்பியைப் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். ஆயுசு முழுக்க வெளியே வராதாம். வருஷா வருஷம் கரும்பலகையில் லாட காந்தம் வரைந்து N, S போட்டிருக்கிறேன். ஒரு மாட்டின் வயிற்றுக்குள் அதை நினைத்துப் பார்த்ததே இல்லை.

மத்தியானம் அவர் போன். அங்கே வெள்ளி விடுமுறை. நான் சொல்லி முடிப்பதற்குள், "காந்தம்தானே டீச்சர்? எங்க ஒர்க்‌ஷாப்ல சும்மா கிடக்கு. எங்கூட வேலை பாக்குற பஷீர் ஞாயித்துக்கிழமை ஊருக்கு வர்றான், கொடுத்து விடுறேன். நீ பாத்தே இருக்க மாட்டே, அப்படி ஒரு காந்தம்!" மனுஷனுக்குக் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். கட்டிய மாடியைக்கூட இன்னும் ஏறிப் பார்க்காதவர்.

மாசி 3, சனி

செங்கல் அடுக்கி, மண் போட்டு மேடு. மைனா அதில் முன்காலை வைத்து, மேடையேறிப் பேசப்போகிறவள் போல நிற்கிறாள். சிரிப்பு வந்தது. சிரிக்கவும் மனசில்லை.

கொழுந்தன் செல்வம் (இனி கொ.) வந்து வேலி ஓரம் நின்றுகொண்டு:

"அண்ணி, உசிரு இருக்கும்போதே கொடுத்துட்டா ஏதாவது தேறும். திங்கக்கிழமை சந்தை இருக்கு."

"யாருக்குக் கொடுக்கிறது?"

"தரகருகிட்டதான்."

"அவரு எங்க கொண்டு போவாரு?"

மண்வெட்டியைக் கழுவினான். எங்கே போகும் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கொ. கெட்டவன் இல்லை, அவசரக்காரன். மைனா கன்றாக இருந்தபோது தோளில் போட்டுக்கொண்டு வாய்க்காலைத் தாண்டியவனே அவன்தான்.

நான் விற்கமாட்டேன்.

மாசி 5, திங்கள்

வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய், சீயக்காய், பேனா ரீஃபில்.

பஷீர் வந்தார், திருச்சி ஏர்போர்ட்டிலிருந்து நேராக. தன் வீட்டுக்குக்கூடப் போகவில்லை. "அண்ணன் மொதல்ல இதைக் கொடுத்துட்டுப் போன்னுட்டாருங்க." அட்டைப் பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் ஸ்பாஞ்ச், அதற்குள் வெள்ளி போல மின்னும் இரண்டு காந்த உருளைகள். விரல் நீளம்கூட இல்லை. இதுவா என்று நினைத்தேன்.

மேஜையில் வைத்த நிமிஷமே ரவிக்கை ஊக்கு கழன்று போய் அதில் ஒட்டிக்கொண்டது. பஷீர் பாவம், கூரையைப் பார்த்தார். ஒன்றைப் பீரோ கதவில் வைத்தேன், எடுக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. உள்ளங்கையில் ஒன்று, புறங்கையில் ஒரு ஆணி. கைக்குக் குறுக்கே ஆணி நிற்கிறது! நடுவில் என் சதை, எலும்பு, ரத்தம். காந்தத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை. வாயைப் பிளந்துகொண்டு நின்றேன் என்று பஷீர் ஊரெல்லாம் சொல்லப் போகிறார். சொல்லட்டும்.

பிறகு இரண்டையும் கிட்டே கொண்டுபோனேன். கொண்டுபோனேன் என்பதே தப்பு, அவை போய்விட்டன. டப். விரல் நுனியில் ரத்தக்கட்டு. பிரித்துப் பார்த்தால் ஒன்றின் விளிம்பில் வெள்ளிப் பூச்சு துளி தெறித்திருக்கிறது. உள்ளே சாம்பல் நிறம்.

மைனா நாலு வாய் தவிட்டுத் தண்ணீர் குடித்தாள். ஊசியின் புண்ணியம்.

மாசி 6, செவ்வாய்

டாக்டர் வந்து வெள்ளிக் காந்தத்தைப் பார்த்தார். கையில் உருட்டி உருட்டிப் பார்த்தார். "அம்மாடி" என்றார். பெட்டியில் இருந்த கத்திரிக்கோல் எழுந்து வந்தது. ஆனால் கொடுக்கவில்லை.

"டீச்சர், இது எதுக்குப் பண்ணினதுன்னு தெரியல. மாட்டு வயிறு முழுக்கத் தண்ணி. லேசாப் புளிச்ச தண்ணி. அதுக்குள்ள வருஷக்கணக்கா இருக்கணும். கரைஞ்சு போச்சுன்னா?"

"இப்படி மின்னுதேங்க" என்றான் கொ.

மெட்ராஸில் தன்னோடு படித்தவரிடம் மாட்டுக்கென்றே செய்த காந்தம் இருக்கலாம், போன் போட்டுக் கேட்கிறேன் என்று போனார். அதுவரை ஊசியும் மேடும்தான்.

எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. அடுக்களை மேடையில் டம்ளர்களை வரிசையாக வைத்தேன். எல்லாவற்றிலும் அரிசி கழுவிய தண்ணீர், நேற்றே எடுத்துப் புளிக்க வைத்தது. மைனாவுக்குத் தவிடு கரைப்பதே அதில்தானே.

1. லாட காந்தம். பள்ளிக்கூட லேபிலிருந்து இரவல் (தலைமையாசிரியரிடம் சொல்லவில்லை).
2. பழைய டிரான்சிஸ்டர் ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய கறுப்பு வளையம்.
3. போன லீவில் அவர் கொண்டுவந்த ஒட்டகப் படம், ஃபிரிட்ஜில் ஒட்டுவது. பின்னால் கறுப்பு ரப்பர். எங்களுக்கு ஃபிரிட்ஜ் கிடையாது.
4. விளிம்பு தெறித்த வெள்ளிக் காந்தம்.

தெறிக்காத வெள்ளி வெளியே, காகிதத்தில் சுற்றி.

"தண்ணில போட்டா காந்தம் செத்துடாது?" கொ. கேட்டான். வகுப்பில் பாதிப் பேர் இதைத்தான் எழுதுவார்கள். குண்டூசியை டம்ளருக்குள் போட்டுக் காட்டினேன். நேராக நீந்திப் போய் ஒட்டிக்கொண்டது. தண்ணீர் காந்தத்தின் சக்தியைத் தொடுவதே இல்லை. உடம்பைத்தான் தொடும், அதுவும் சிலதை மட்டும். கொ. தானே இன்னொரு ஊசி போட்டுப் பார்த்தான். பிறகு இன்னொன்று. மாட்டை விற்க வந்தவன் மறந்து உட்கார்ந்துவிட்டான்.

மாசி 8, வியாழன்

வெயில் ஏறுகிறது. வேம்பில் பூ.

லாடம்: கழுத்துவரை செம்மண் நிறம், தண்ணீரும் கலங்கல். இழுப்பு இருக்கிறது, முன்பும் சொற்பம்தான். ஒட்டகம் சௌக்கியம். ஒரு குண்டூசியைத் தூக்கவே மூச்சு வாங்குகிறது, அவ்வளவுதான் அதன் பிறவி.

கறுப்பு வளையம்: ஒன்றுமே இல்லை! போட்டபோது எப்படியோ அப்படியே. துடைத்தால் துணியில் கறைகூட இல்லை. பழைய கல்லூரிப் புத்தகத்தைத் தேடி எடுத்துப் படித்தேன். அது இரும்பே இல்லையாம். இரும்புத் துருவோடு இன்னொரு பொடி சேர்த்து அரைத்து, அமுக்கி, பானை மாதிரி சூளையில் சுட்டது. துருவில் செய்ததைத் துரு என்ன செய்யும்? எதைக் கண்டு பயப்படுகிறோமோ அதிலேயே செய்துவிட்டால் பயம் தீர்ந்தது. யாருக்கு ஐயா தோன்றியது இது.

வெள்ளி: தெறித்த இடத்திலிருந்து சின்னச் சின்னக் குமிழிகள், மூச்சு விடுகிற மாதிரி. பூச்சு கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருக்கிறது. டம்ளர் அடியில் சாம்பலும் பழுப்புமாக மாவு. ஆணியைக் கைக்குக் குறுக்கே நிறுத்திய காந்தம். விரலால் தொட்டேன், விளிம்பு உதிர்ந்தது. பயமாக இருந்தது, பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

கறுப்பைக் கொடுக்கலாமா என்று டாக்டரிடம் போனில் கேட்டேன். அகலம் அதிகம், உடைந்தால் ஓடு மாதிரிக் கூராகிவிடும், அதுவே குத்தும் என்றார்.

மைனா சாயங்காலம் ஒன்றும் தொடவில்லை. மூக்கு காய்ந்திருக்கிறது.

மாசி 9, வெள்ளி

போன். முதல் கேள்வி: "போட்டாச்சா?"

"இல்லைங்க. உங்க காந்தம் தண்ணில மாவாப் போயிட்டிருக்கு."

"மாவாவா? போடி! இங்க அதைப் போட்டுப் பெரிய பெரிய மிஷினு ஓட்டுறோம்."

"மிஷினுக்குள்ள கழனித் தண்ணி இல்லைங்களே."

"இன்னொன்னு நல்லாத்தானே இருக்கு? அதைப் போடு. நான் அனுப்பிச்சுட்டேன்னு நிம்மதியா இருந்தேன் வசந்தி." வசந்தி என்றார். டீச்சர் என்று கேலி செய்யவில்லை. லைன் போய்விட்டது.

கொ. கேட்டுக்கொண்டிருந்தான். "அண்ணன் சொல்றது நியாயம்தானே அண்ணி? அதுதான் தெறிக்கலையே." எனக்கும் ஆசைதான். காகிதத்தைப் பிரித்துப் பார்த்தேன். முகம் தெரிகிறது அதில். ஆனால் மைனா வயிற்றில் மணல் இருக்கும், சரளை இருக்கும், கம்பியே இருக்கிறது. உரசாமல் இருக்குமா? ஒரு கீறல் போதும். மாவானால் பிடித்த கம்பியை விட்டுவிடும், அந்த மாவு கன்றுக்கு என்ன செய்யுமோ. திரும்பச் சுற்றி வைத்தேன். அவர் ஆசையாக அனுப்பியதை மாட்டுக்குக் கொடுக்க முடியவில்லை என்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று அவருக்குப் போனில் எப்படிச் சொல்வது.

மாசி 10, சனி

தெறிக்காத வெள்ளிக் காந்தத்துக்கு வேலை கண்டுபிடித்தேன்!

பாலிதீன் பையில் போட்டு, துணியில் முடிந்து, கயிற்றில் கட்டி, போரிலிருந்து உருவிய வைக்கோலைத் தரையில் பரப்பி அதன்மேல் மெல்லச் சுற்றினேன். திருஷ்டி கழிப்பது போலத்தான் இருந்திருக்கும். முதல் சுற்றில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் சுரீர் என்று ஒரு சத்தம். கட்டுக்கம்பி, சுண்டுவிரல் நீளம். மேட்டு மண்ணில் இழுத்தேன். முடிச்சைச் சுற்றிக் கம்பி முளைத்துவிட்டது, தாடி மாதிரி. நறுக்கின துண்டு, வளைந்த ஆணி, ஆக்சா பிளேடு முனை, கூடவே கறுப்பு மண் மயிர்மயிராக. நாங்கள் நடக்கிற மண்ணில் இவ்வளவு இரும்பு. மாடி கட்டிய சந்தோஷத்தில் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

கொ. கையால் எண்ண ஆரம்பித்து விட்டுவிட்டான். "இதையெல்லாம் அது தின்னிருக்குமா அண்ணி?" முகம் வெளுத்துப் போயிற்று.

உலர்ந்த இடத்தில் அதற்கு நிகர் எதுவும் இல்லை. தண்ணீர்தான் ஆகாது. இனி ஒரு கைப்பிடி வைக்கோலும் காந்தம் காட்டாமல் தொட்டிக்குப் போகாது என்று கொ. தானாகவே சொன்னான்.

மாசி 11, ஞாயிறு

துணி துவைத்தேன். அதற்குள் தரகர் வந்து நிற்கிறார். கொ. போன வாரமே சொல்லி வைத்திருந்தானாம், வேண்டாம் என்று சொல்ல மறந்துவிட்டானாம். நாளைச் சந்தைக்கு முன்னால் பார்க்க வந்திருக்கிறார்.

மைனாவைச் சுற்றி வந்தார். "கம்பி முழுங்குன மாடு. இன்னும் ரெண்டு நாளு." தோளிலிருந்து துண்டை உதறிக் கொ. கைமேல் போட்டார். துண்டுக்கடியில் விரலைப் பிடித்துத்தான் விலை. வெளியே யாருக்கும் தெரியாது, ஒரு வார்த்தை பேசக்கூடாது. கொ. மரம் மாதிரி நிற்கிறான். கையை உருவவும் இல்லை, விரலைக் கொடுக்கவும் இல்லை.

எனக்கு வந்ததே ஆத்திரம். பெண்பிள்ளை துண்டுக்குள் கை விடுகிற வழக்கம் இந்தச் சுற்றுவட்டாரத்தில் கிடையாது. நான் விட்டேன். கையில் வெள்ளிக் காந்தம்.

தரகர் சனீஸ்வரனுக்காகக் குதிரை லாடத்தில் மோதிரம் செய்து போட்டிருக்கிறார். அது எனக்குத் தெரியாது, காந்தத்துக்குத் தெரிந்துவிட்டது.

"யம்மாடி! என்னம்மா புடிக்குது!"

துண்டோடு கையை உதறுகிறார், வரவில்லை. கொ. பிடித்து இழுக்கிறான். மைனாவே திரும்பிப் பார்த்தாள். கழன்றதும் மோதிரத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டு, "விக்க மனசில்லன்னா வாயால சொல்லுங்கம்மா" என்றார்.

"விக்க மாட்டேன்."

"அப்பச் சரி. எனக்கும் பாவம் மிச்சம்." மோர் கொடுத்தேன், குடித்துவிட்டுப் போனார். போகும்போது மைனாவின் கழுத்தைத் தட்டிக் கொடுத்தார். இரண்டு நாள் என்று அவர் சொன்னதுதான் காதிலேயே நிற்கிறது.

மாசி 13, செவ்வாய்

வந்துவிட்டது!! மெட்ராஸ் பஸ்ஸில் கண்டக்டர் கையில் பார்சல். டாக்டர் நேரே எடுத்துக்கொண்டு வந்தார். பள்ளிக்கு அரை நாள் லீவு.

பார்த்தால் ஏமாற்றம். சாம்பல் நிறக் குட்டைக்கோல், முனை மழுங்கல், மினுமினுப்பு கிடையாது. அலுமினியம், நிக்கல், கோபால்ட், இரும்பு எல்லாம் சேர்த்து உருக்கி வார்த்ததாம். வெள்ளிக் காந்தத்துக்கு முன் இதன் இழுப்பு கால்வாசி இருந்தால் அதிகம். "தண்ணிக்கு அசையாது டீச்சர். மாடு செத்து எலும்பானாலும் இது அப்படியே இருக்கும்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

காலையிலிருந்து பட்டினி போட்டிருந்தோம். கொ. மூக்கணாங்கயிற்றைப் பிடித்து, கழுத்தைக் கட்டிக்கொண்டான். குழாய் வைத்து நாக்கின் அடிவரை தள்ளினார் டாக்டர். மைனா கண்ணை உருட்டினாள். ஒரு முழுங்கு. தொண்டையில் ஒரு மேடு இறங்கிப் போனது. போயே போய்விட்டது.

கொ. முகத்தை அவள் கழுத்திலேயே வைத்துக்கொண்டு வெகுநேரம் எடுக்கவில்லை. சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு, "தூசி" என்றான்.

இப்போது அந்த இருட்டில் இரண்டும் இருக்கின்றன, கம்பியும் காந்தமும். சந்தித்துக்கொண்டனவா?

மாசி 14, புதன்

டாக்டர் பள்ளிக்கூடத்திலிருந்து திசைகாட்டி கொண்டுவரச் சொன்னார். கண்ணாடி மூடி போட்ட சின்னது, பிள்ளைகள் தொட்டுத் தொட்டுத் தேய்ந்தது.

கொட்டகையில் பிடித்தேன். முள் வடக்கே, குழாயடிப் பக்கம் பார்த்து நின்றது. மைனாவின் இடது முன்காலுக்குப் பின்னால், நெஞ்சுப் பக்கம் கொண்டுபோனேன். முள் நடுங்கியது. ஒரு கணம் தயங்கினாற்போல நின்றது. பிறகு வடக்கை விட்டுவிட்டு மைனாவைக் காட்டியது.

கையை எடுத்தால் வடக்கு. வைத்தால் மைனா. எடுத்தால் வடக்கு. வைத்தால் மைனா. எத்தனை தடவை செய்தேனோ. தோல், எலும்பு, தண்ணீர், புல், இன்னும் பிறக்காத ஒரு கன்று, அத்தனையும் தாண்டி வந்து ஒரு முள்ளைத் திருப்புகிறது. பூமிக்கு ஒரு காந்தம் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறேன். எங்கள் கொட்டகையிலும் ஒன்று. கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது. டாக்டர் சிரிக்கவில்லை, அவரும் ஒரு தடவை வைத்துப் பார்த்தார்.

"சரியான எடத்துலதான் உக்காந்திருக்கு. கம்பியைப் புடிச்சுதான்னு இது சொல்லாது. அதை மைனாதான் சொல்லணும்."

"எப்படிச் சொல்லுவா?"

"அசை போடுவா."

இன்னும் போடவில்லை.

மாசி 15, வியாழன்

திருப்புதல் தாள்கள் கொடுத்தாயிற்று. 'காந்தம் தண்ணீரில் செத்துவிடும்', ஏழு பேர். நாளை திரும்ப நடத்த வேண்டும்.

மைனா தவிட்டுத் தண்ணீர் அரை வாளி. முனகல் இல்லை. அசையும் இல்லை. கொ. மூன்று முறை வந்து கேட்டுவிட்டான். கேட்காதே என்று எரிந்து விழுந்தேன்.

மாசி 16, வெள்ளி

வெயில். மத்தியானம் போன் அடித்தது, ஓடிவந்து எடுத்தேன்.

"எப்படி இருக்கா?" குரல் தணிந்திருந்தது. செத்துவிட்டது என்று கேட்கத் தயாராகிவிட்ட குரல்.

போன் ஒயர் சுருள், இழுத்தால் கொட்டகை ஜன்னல் வரை வருகிறது. ரிசீவரை ஜன்னல் கம்பிக்கு வெளியே நீட்டிப் பிடித்தேன். மைனா ஜன்னலை ஒட்டிப் படுத்திருந்தாள், கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு. வாய் இந்தப் பக்கம், அந்தப் பக்கம். ஈரமான, சோம்பேறித்தனமான சத்தம். விடிந்ததிலிருந்து அசை போடுகிறாள்.

காதில் வைத்தேன். "என்ன சத்தம் அது?" என்றார்.

"மைனா."

லைன் போய்விட்டதோ என்று, "என்னங்க?" என்றேன்.

"பேசாதே. அங்கேயே பிடி. போன் கார்டுல காசு தீர்ற வரைக்கும் கேக்குறேன்."

கை வலித்தது. பிடித்துக்கொண்டிருந்தேன்.